வளைவோடு திரும்பும் தேர்

அண்ணே,

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் எழுதுவினைஞர் பெண் இன்று காலை என் மேசைப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, உங்க லாச்சியில என்ன வச்சிருக்கீங்க? கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி வாசம் வருது" என்றாள். எனக்கு இழுப்பறையைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. நீங்கள் தந்துவிட்டுப் போன சூடப் பொட்டலம்தான். திறந்து பார்த்தேன். கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்திருந்தன. யாரும் கொளுத்தவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. தானாகவே காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோபம்தான் முதலில் வரும், எழுந்து போய்விடுவேன். செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுவேன். உங்கள்மேல் படாமல் வேறு யார்மேல் படுவது?

நீங்கள் முதன்முதல் வந்த அன்று பதுளையில் நல்ல மழை. மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பசறையில் இறங்கி மாறி, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றீர்கள். எங்கள் சமூக உறவு ஆணைக்குழு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சாதாரணமாக வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். இனம், மதம், மொழி, சாதி என்று ஏதோ ஒன்றைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் முறைப்பாடு கொடுக்கும் இடம் அது. அந்த வாசலிலும் யாராவது ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. உங்களிடம் அப்படி ஒன்றையும் காணோம். குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு, "இங்க தமிழ் பேசுற ஆளு யாருங்க?" என்று சத்தமாகக் கேட்டீர்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க மொழிபெயர்ப்பாளர்."

"அப்ப நான் சொல்றத நீங்க சிங்களத்துல சொல்லுவீங்க, அவங்க சொல்றத எனக்குத் தமிழ்ல சொல்லுவீங்க. நடுவுல ஒங்க சொந்தச் சரக்கு ஒண்ணும் சேக்க மாட்டீங்களே?"

"சேக்கக் கூடாதுங்க. அதுதான் வேல."

"நல்ல வேலதான் போங்க. எங்க தப்பு மாதிரி. அடிச்சாத்தான் பேசும்."

அப்படித்தான் நீங்கள் தப்புப் பறை அடிப்பவர் என்று தெரிந்தது. பகலில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டு, திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு. நான் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "ஏந் தங்கச்சி, நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிப் போயிருச்சு, கூட்டி அள்ளுனத ஒங்க ஆபீசுக்கு அனுப்பிட்டாங்களா?" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தீர்கள். உங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவிழாவில் அம்மன் தேரேறி லயம் லயமாகப் போவாள். ஒவ்வொரு வாசலிலும் தேர் நிற்கும். வாசல் கழுவி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்துவார்கள். தேருக்கு முன்னால் தப்படித்துக்கொண்டு போவது கீழ் லயத்துக்காரர்களான நீங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் பாதை வளையும். அந்த வளைவுக்குக் கீழேதான் உங்கள் லயம். தேர் அந்த வளைவோடு திரும்பிவிடும்.

"நாங்கதான் ஆத்தாவ அழைச்சுக்கிட்டுப் போறோம், தங்கச்சி. வளைவு வந்ததும் அவ ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். தப்பத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கீழ எறங்குவோம். எங்க பொம்பளைங்க தட்டத் தூக்கிக்கிட்டு வளைவு வரைக்கும் ஏறி வந்து கும்பிட்டுக்குவாங்க. எங்கப்பன் காலத்துலருந்து இப்பிடித்தான்."

பல காலமாகப் பொறுத்தவர் அன்றைக்கு ஏன் பஸ் ஏறினீர்கள் என்று கேட்டேன். அண்ணியைப் பற்றிச் சொன்னீர்கள். கொழுந்து பறிக்கும்போது ஈர மலையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. எழுந்து நடக்க முடியாது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் நீங்கள் தப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய், அண்ணியை முதுகில் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஏறியிருக்கிறீர்கள். போன திருவிழாவில் வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே ஏறியபோது தேர் போய்விட்டது.

"என்ன வேணும்னு எழுதிக்கிடுறதுங்க?" என்று கேட்டேன்.

"என் பொண்டாட்டி அவ வாசல்ல ஒக்காந்தபடியே ஒரு சூடம் கொளுத்தணும். அம்புட்டுத்தான்."

நாட்டின் அரசியலமைப்பில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்று சொல்லி யாரையும் கடைக்கோ உணவகத்துக்கோ ஹோட்டலுக்கோ, அவரவர் மதத்தின் வழிபாட்டிடத்துக்கோ வரவிடாமல் தடுக்கக் கூடாது. உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "அட, கோயிலு அதுல இருக்கா!" என்று முதலில் சந்தோஷப்பட்டீர்கள். சாதி என்ற சொல்லை நான் மறுபடி சொன்னதும் குனிந்து காலில் இருந்த சேற்றைத் தட்டத் தொடங்கினீர்கள். கூச்சம் என்று நினைத்தேன். விசாரணை நாளன்றுதான் புரிந்தது.

அன்று உள்ளே போவதற்கு முன்னால் என்னை நடைபாதையில் நிறுத்தினீர்கள்.

"தங்கச்சி, அந்தச் சொல்ல மட்டும் இங்க சொல்ல வேணாம்."

"எதச் சொல்றீங்க?"

"நீங்க அன்னைக்கு வாசிச்சீங்களே, அது."

"என்னண்ணே பேசுறீங்க? ஒங்க கேசே அதுதானே!"

"உள்ள இருக்கிற மிஸ்ஸு சிங்கள ஆளு. இவங்களுக்குள்ளயே இப்பிடியான்னு நெனைக்க மாட்டாங்களா? எங்க பிள்ளைங்க நாளைக்கு இவங்க பிள்ளைங்களோட கடையில, கார்மெண்டுல வேல செய்யப் போகும். மேல் லயத்துக்காரனும் நம்மாளுதானே. அவன அடுத்தவங்க முன்னாடி அசிங்கப்படுத்தவா நான் வந்தேன்? மேல் லயம், கீழ் லயம்னு சொல்லுவோம். விளங்கிருவாங்க."

"விளங்க மாட்டாங்கண்ணே."

"விளங்கும் விளங்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டீர்கள்.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷி. அதை நான் சொல்லத்தான் வேண்டும். உங்கள் பேச்சையும், கோயில் தலைவராக வந்திருந்த மேல் லயத்துப் பெரியவர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "நீங்கள் எல்லோரும் தமிழர்கள். எல்லோரும் இந்துக்கள். ஒரே தோட்டத்தில் ஒரே வேலை செய்கிறீர்கள். அப்படியென்றால் இங்கே யார் யாரை ஒதுக்குகிறார்கள்?" நான் தமிழில் சொன்னேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். கோயில் தலைவரும் தரையைப் பார்த்தார். அண்ணே, அந்தத் தோட்டத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"கீழ் லயத்துக்குத் தேரு வர்றதில்லைங்க" என்றீர்கள் நீங்கள்.

"ரோடு சரியில்லைங்க, தேரு கவுந்துட்டா தெய்வக் குத்தமாயிரும்" என்றார் அவர். "கோயிலுக்குள்ள யாரையும் வராதேன்னு நாங்க சொன்னதில்லையே. கேட்டுப் பாருங்க."

உண்மைதான். கோயில் கதவு யாருக்கும் சாத்தியிருக்கவில்லை. லயங்களுக்கு இடையிலான பாகுபாடு என்று முறைப்பாட்டில் பதிவாயிற்று. என் வாய்க்குள் அந்தச் சொல் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் சொன்னால்தான் நான் சொல்லலாம்.

விசாரணை முடிந்ததும் நீங்களும் அவரும் எதிர்க் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தீர்கள். பதுளையில் அப்படி ஒன்றாக உட்கார முடிகிறது. தோட்டத்தில் முடியாது.

அடுத்து நாங்கள் பாதையைப் பார்க்க வந்தோம். அலுவலக ஜீப் வளைவைத் தாண்டி, குலுங்கிக் குலுங்கி, கீழ் லயத்து வாசலிலேயே போய் நின்றது. அண்ணி படியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க. ஜீப்பு வருது, தேரு வராதாக்கும்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அன்று எனக்குமே நம்பிக்கை வந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கீழ் லயத்து ஆணும் பெண்ணும் கல் சுமந்தீர்கள். பள்ளத்தை நிரப்பி, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, நீங்களே பாதையைச் சரிசெய்தீர்கள். கோயில் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "புது மண்ணுல்ல, உள்வாங்கும். மீரியபெத்தயில மலையே சரிஞ்சு வந்து லயத்த மூடுனத மறந்துட்டீங்களா?" என்றார். "சரியுற எடம்னு தெரிஞ்சா எங்களையும் மேல கூப்பிட்டு வச்சுக்கங்களேன்" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள்.

கடைசி அமர்வில் அதிகாரி ஒரு தீர்வை முன்வைத்தார். எல்லா லயங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், ஒரு லயத்துக்குப் போய் இன்னொரு லயத்தைத் தேர் விட்டுவிடக் கூடாது. நான் வாசித்து முடிப்பதற்குள் கோயில் தலைவர் கையொப்பம் போட்டுவிட்டார். நீங்களும் போட்டீர்கள். வெளியே வந்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடிப் போய் இந்தப் பொட்டலத்தை வாங்கி வந்து என் கையில் வைத்தீர்கள். "தேரு எங்க வாசலுக்கு வர்ற அன்னைக்கு நீங்களும் வந்து அவ பக்கத்துல நின்னு கொளுத்தணும். மறந்துராதீங்க" என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு சிரிப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

பஸ் நிலையம் வரை கூடவே வந்தேன். என் வேலை முடிந்துவிட்டது, இனி நான் சொந்தமாகப் பேசலாம்.

"அண்ணே, எல்லா லயத்துக்கும் ஒரே மாதிரின்னு எழுதியிருக்கு. ஒரு லயத்துக்கும் போகாம இருந்தாலும் அது ஒரே மாதிரிதானே?"

நீங்கள் நின்று என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "தேரு ஓட்டாம இருப்பாங்களா? அவங்க வீட்டுப் பொம்பளைங்க வெளக்கமாத்தத் தூக்கிருவாங்க. படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினீர்கள்.

அந்தத் திருவிழாவுக்கு அதிகாரியும் நானும் வந்தோம். சூடத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். கீழ் லயம் முழுக்கத் தோரணம். அண்ணி கூறைச் சேலை கட்டி, பூ வைத்து, விடிந்ததிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மேலே தப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் கிட்டே வரவே இல்லை. கோயில் முற்றத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

தேரைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை. அம்மனைத் தோளில் வைத்து முற்றத்தை வலம்வந்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் மேலே ஏறிப் போனபோது கோயில் தலைவர் கைகூப்பிக்கொண்டு அதிகாரியிடம் வந்தார். "மிஸ் சொன்ன மாதிரியே செஞ்சுட்டோங்க. இனி எந்த லயத்துக்கும் தேரு இல்ல. எல்லா லயமும் ஒண்ணுதான்." அதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நீங்கள் தப்போடு கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

விளக்குமாற்றைத் தூக்குவார்கள் என்றீர்களே, தூக்கினார்கள், உங்களுக்கு எதிராக. "உன்னாலதான் எங்க வாசலுக்கும் ஆத்தா வரல. நல்லா இருப்பியா?" என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றினார்களாம். உங்கள் லயத்திலும் முகம் திருப்பினார்கள். வளைவு வரைக்குமாவது வந்ததைக் கெடுத்துவிட்டான் என்றார்கள்.

மறுபடியும் பஸ் ஏறி வந்தீர்கள். அன்று தேநீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போகும்வரை அப்படியே வைத்திருந்தீர்கள்.

"முறைப்பாட்ட வாபஸ் வாங்கிக்கிறேன்னு மிஸ்ஸுகிட்டச் சொல்லுங்க. பழையபடி தேரு ஓடட்டும். வளைவு வரைக்கும் வந்தாப் போதும். நான் அவளத் தூக்கிக்கிட்டு வந்துக்கிறேன்."

அதிகாரிக்கு வருத்தம்தான். ஆனால் தீர்ந்துபோன முறைப்பாட்டை வாபஸ் வாங்க வழியில்லை என்றார். இப்போது யாரும் ஒதுக்கப்படவில்லை என்றார். பழையபடி மற்ற லயங்களுக்கு மட்டும் தேர் போனால் அது ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்களுக்குக் கெடச்சது என்னன்னு கேளுங்க" என்றீர்கள்.

கேட்டேன். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

படியிறங்கும்போது, "அன்னைக்கே அந்தச் சொல்லச் சொல்லியிருக்கணுமோ, தங்கச்சி?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று கத்தத் தோன்றியது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்லியிருந்தால்தான் என்ன கிடைத்திருக்கும்? கோயில் கதவு திறந்துதான் இருந்தது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். தேர் ஒரு வழிபாட்டிடமா இல்லையா என்று மேலதிகாரிகள் ஆராய்ந்திருப்பார்கள். அண்ணி வாசலில் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியவில்லை, அண்ணே. இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் யார் மானத்தைக் காப்பாற்ற அந்தச் சொல்லை விழுங்கினீர்களோ, அவர்கள் உங்களை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. உங்கள் நல்ல குணத்தின்மேலேயே வருகிறது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் கவ்வாத்து மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பசறைக்கு வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டதாம்.

சாவுக்கு வந்தேன். உங்கள் கூட்டாளிகள்தான் உங்களுக்குத் தப்படித்தார்கள். மேல் லயத்திலிருந்தும் நிறையப் பேர் வந்தார்கள். மாலையெல்லாம் கொண்டுவந்தார்கள். வளைவு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டார்கள். மாலைகளைக் கீழ் லயத்துப் பையன்கள் ஏறிப் போய் வாங்கிவந்தார்கள். கோயில் தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனுசன். ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டாரு" என்றார். அவர் பொய்யாக அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருடத் திருவிழாவில் தேர் ஓடியது, அண்ணே. பழையபடி மேல் லயம், நடு லயம் என்று போய், வளைவில் நின்று திரும்பிவிட்டது. ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னேன். "பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்ய வேண்டும்" என்றார். அது சட்டம். முறைப்பாடு செய்தவரோ மண்ணுக்குள் இருக்கிறார்.

அண்ணியால் செய்யலாம் என்று நினைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அலுவலக விஷயமாக இல்லை, நானாக. பொட்டலத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அண்ணி அதே படியில் உட்கார்ந்திருந்தார்.

"வேணாந் தங்கச்சி" என்றார். "மறுபடியும் நின்னுபோச்சுன்னா ஊரே என்னத் திட்டும். அவரு இல்ல, திட்டு வாங்கிக்கிட."

"தேரப் பாத்தீங்களா?"

"என்னத் தூக்கிக்கிட்டுப் போக ஆளேது? சத்தம் கேட்டுச்சு. வளைவு வரைக்கும் வந்த சத்தம் நல்லாக் கேட்டுச்சு. அவரு அடி மாதிரி இல்ல."

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். முதல் தடவையாகக் கண் கலங்கியது. "அட, இம்புட்டும் கரைய விட்டுட்டீங்களே. கொஞ்சம் மொளகு போட்டு வச்சிருந்தா இருந்திருக்குமே. ஒங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

"நீங்களே வச்சுக்கிடுங்கண்ணி."

"இங்க இருந்தா ஏதாவது ஒரு வெள்ளிக்கெழம எடுத்துக் கொளுத்திருவேன். தேரு வாசலுக்கு வந்தாத்தான் இதக் கொளுத்தணும்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பி என் கையில் வைத்தார்.

வரும்போது வளைவில் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் கல் போட்ட பாதை நன்றாகத்தான் இருக்கிறது. எங்கும் உள்வாங்கவில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. மேலே ஏறி வந்து பஸ் பிடித்தேன்.

இன்று அந்தப் பெண் வாசத்தைப் பற்றிக் கேட்டதும்தான் அண்ணி சொன்னது நினைவு வந்தது. மத்தியானம் பஜாருக்குப் போய்க் கொஞ்சம் மிளகு வாங்கி வந்தேன். மிச்சம் இருந்த கட்டிகளோடு சேர்த்து, புதுத் தாளில் இறுக்கிச் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறேன்.

மிளகு போட்டுவிட்டேன், அண்ணே. எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.